கம்பஸ்ல எந்தப் பக்கமும் ஒட்டல. பட்ச் ட்ரிப் வேற எங்க ஊருக்காம். என்ன செய்யலாம்?

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க வாசிச்சிட்டுப் போறவ நான், எழுதுறது இதுதான் முதல் தடவை. நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் நுவரெலியா மாவட்டம், தேயிலைத் தோட்டம். தெற்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துல விவசாய பீடம், முதலாம் வருஷம். எந்தக் கம்பஸ்னு கேட்காதீங்க. எங்க பட்ச்ல மலையகப் பொண்ணு நான் ஒருத்திதான், பேர் போடாமலே கண்டுபிடிச்சிருவாங்க. அம்மா கொழுந்து எடுக்குறாங்க. அப்பா கவ்வாத்து வெட்டு, மருந்தடி எல்லாம் பார்த்தவர், இப்ப கொழும்புல ஒரு கடையில நிக்கிறார். எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு எடுத்ததே நான்தான் முதல். ரிசல்ட் வந்தன்னைக்குத் தோட்டமே வெடி கொளுத்துச்சு, கோயில்ல மாலை போட்டாங்க. அதை நினைச்சாத்தான் இப்ப விட்டுட்டுத் திரும்பிப் போகவும் முடியல.

ஹொஸ்டல் ரூம்ல நாலு பேர். மாத்தறைப் பிள்ளை ஒருத்தி, குருணாகல் ஒருத்தி, யாழ்ப்பாணம் ஒருத்தி, நான். யாரும் கெட்டவங்க இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா சிங்களப் பிள்ளைங்களுக்கு நான் "தெமள", அதாவது தமிழ். கென்டீன்ல தமிழ்ப் பிள்ளைங்க மேசையில உட்கார்ந்தா அங்க வேற கதை.

"நீங்கள் எவடம்?"
"நுவரெலியா."
"டவுனோ?"
"இல்ல, தோட்டம்."
"ஆ..."

அந்த "ஆ"வுக்குப் பிறகு பேச்சு வேற பக்கம் போயிடும். ஒருநாள் ஒருத்தர் நான் கதைக்கிற மாதிரியே கதைச்சுக் காட்டினார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சு வச்சேன். "தோட்டக்காட்டான்"னு யாரும் என் முகத்துக்கு நேரா சொன்னதில்ல. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கல. "நுவரெலியா கோட்டாவுல வந்தவ"ங்கறது மட்டும் ரெண்டு மூணு தடவை காதுல விழுந்துச்சு.

குருணாகல் பிள்ளை ஒருநாள் கேட்டா, "நீங்க இந்தியாவுல இருந்து எப்ப வந்தீங்க?"ன்னு. கிண்டல் இல்ல, உண்மையிலேயே தெரியாமத்தான். என் தாத்தாவோட தாத்தாவே இங்க பிறந்தவர்னு விளக்குற அளவுக்கு எனக்குச் சிங்களம் வராது. கடையில சாமான் வாங்குற சிங்களம்தான். விரிவுரை முழுக்க இங்கிலீஷ். தமிழ் மொழிமூலம் படிச்சு வந்தவளுக்கு "கேட்டயன் எக்ஸ்சேஞ்ச்"னு (கற்றயன் பரிமாற்றம்) வேகமா சொல்லிட்டுப் போனா, அது எனக்குத் தெரிஞ்ச விஷயந்தான்னு விளங்குறதுக்குள்ள ஸ்லைட் மாறிடுது.

இப்ப புதுப் பிரச்சினை. பட்ச் ட்ரிப். எங்க? நுவரெலியா! பஸ் போற வழியிலதான் எங்க தோட்டம். ரூம்ல இருக்கிற சிங்களப் பிள்ளைங்க ரெண்டு பேரும் சந்தோஷமா சொல்றாங்க, "உங்க வீட்டுல இறங்கி டீ குடிச்சிட்டுப் போவோம்". எங்க வீடுன்னா ஒரு காம்பரா (அறை), ஒரு ஸ்தோப்பு (முன் திண்ணை), பின்னால புகை பிடிச்ச குசினி. கக்கூஸ் பக்கத்து வீட்டோட பொது. இதை எப்படிச் சொல்ல?

ட்ரிப்புக்கு என்ன சொல்றதுன்னு யாராவது சொல்லுங்க. அதைவிடப் பெரிய கேள்வி, ராத்திரி தூக்கம் வராதப்ப வர்ற கேள்வி: நான் இங்க எதுக்கு இருக்கேன்? எந்தக் கூட்டத்துக்கும் நான் தேவையில்ல. படிச்சு முடிச்சாலும் எங்க போய் நிக்கிறது? தோட்டத்துல துரை (மனேஜர்) ஆகவா?

---

சும்மா வாசகன்:

காய்ச்சல்னு சொல்லி ட்ரிப்பக் கட் பண்ணுங்க. பிரச்சினை முடிஞ்சுது.

---

கிளிநொச்சிப் பெடியன்:

தங்கச்சி, நான் வேற கம்பஸ், கடைசி வருசம். கோட்டா எண்டு கதைக்கிறவைக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கோ. உங்கட பீடம் மாதிரியான இடங்களுக்கு 40 வீதம் நாடு முழுக்க எடுத்த திறமைப் புள்ளியில. 55 வீதம் மாவட்ட அடிப்படையில, ஒவ்வொரு மாவட்டச் சனத்தொகைக்கும் ஏற்ற மாதிரி. மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. அதாவது உங்கட பட்சில அரைவாசிக்கு மேல மாவட்டக் கணக்கில வந்த ஆக்கள்தான். அந்த 16இல நுவரெலியா இருக்குது, பதுளை இருக்குது, யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் இருக்குது. உங்களைப் பார்த்துக் கோட்டா எண்டவர் எந்தக் கதவால உள்ள வந்தவர் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. கேக்காட்டிலும் பரவாயில்லை, தெரிஞ்சு வைச்சிருங்கோ.

கதைச்சுக் காட்டினவர் சீனியரா, பட்ச்மேட்டா? சீனியர் எண்டா அது பகிடிவதை, ராகிங். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்குது, எழுத்தில முறைப்பாடு குடுக்கலாம். பட்ச்மேட் எண்டா சட்டத்தை விட்டுட்டு நேரே கதைக்கிறது நல்லம்.

மற்றது, மஹாபொல புலமைப்பரிசில் கிடைச்சதோ? கிடைக்காட்டி பர்சரி உதவித்தொகைக்குப் போட்டாச்சோ? 2025 வரவுசெலவுத் திட்டத்தில மஹாபொலவை 5000இல இருந்து 7500 ரூபாவா உயர்த்தினவை. உங்களை மாதிரிப் பிள்ளையள் கூச்சத்தில படிவம் குடுக்காமல் விட்டிட்டு, பிறகு சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுறதைக் கண்டிருக்கிறன்.

---

பத்தனைச் சந்தி:

தங்கச்சி, நானும் லயத்துல இருந்து போனவன்தான். இரசாயனவியல் படிச்சேன், இப்ப ஹட்டன் பக்கம் உயர்தரத்துக்குக் கெமிஸ்ட்ரி எடுக்குறேன்.

ட்ரிப்ப முதல்ல முடிச்சிருவோம். வீட்டக் காட்டியே ஆகணும்னு உனக்கு ஒரு கடமையும் இல்ல. "எங்க வீட்டுல இடம் போதாது, அம்மாவுக்கு அன்னைக்குப் பேர் (நாள் வேலை) இருக்கு"ன்னா போதும், அதுல பொய்யும் இல்ல. காட்டணும்னு உனக்கே தோணுச்சுன்னா பஸ்ஸோட இறக்காத. அம்பது பேர் ஸ்தோப்புல நின்னு போட்டோ எடுத்தா அது விருந்தாளி வந்த மாதிரி இருக்காது, வேடிக்கை பார்க்க வந்த மாதிரி ஆயிடும். ரூம் பிள்ளைங்கள மட்டும் வேறொரு நாள் கூப்பிடு. நேரா லயத்துக்குக் கூட்டிட்டுப் போகாம, சாயந்திரம் கொழுந்து நிறுக்குற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ. தராசு முள்ள அம்மா எப்படிப் பார்க்குறாங்க, சாக்குக்குன்னும் தண்ணிக்குன்னும் எத்தனை கிலோ கழியுது, கிலோ குறைஞ்சா எப்படி அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுது, எல்லாம் அவங்க கண்ணால பார்க்கட்டும். விவசாயம் படிக்கிற பிள்ளைங்கதானே, பாடப் புத்தகத்துல "ரெண்டு இலை ஒரு மொட்டு"ன்னு வாசிச்சிருப்பாங்க. அது யாரு கையால வருதுன்னு பார்த்துட்டு வீட்டுக்கு வந்தா காம்பராவப் பார்க்குற பார்வை வேற.

"எப்ப வந்தீங்க"ன்னு கேட்டா கூச்சப்படாம பதில் சொல்லு. 1823ல இருந்து கணக்கு வச்சு, 2023ல மலையகம் 200ன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தே போனாங்க. கோப்பித் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வந்த சனம் நடந்த அதே வழி. 1948ல பிரஜாவுரிமையப் பறிச்சாங்க, 1964 ஒப்பந்தத்துல ஆளுகள அந்த நாட்டுக்கு இவ்வளவு இந்த நாட்டுக்கு இவ்வளவுன்னு பங்கு போட்டாங்க, மிச்சமிருந்தவங்களுக்கும் உரிமை கொடுக்கிற சட்டம் 2003லதான் வந்துச்சு. இவ்வளவும் சிங்களத்துல சொல்ல வராதா? "அவுருது தெசீயக்"னு சொல்லு, இருநூறு வருஷம்னு. அந்தப் பிள்ளை அடுத்த கேள்விய அதுவாவே கேட்கும்.

பெரிய கேள்விக்கு வருவோம். மேசை மேசையாப் போய் எனக்கு இங்க இடம் இருக்கான்னு பார்த்துட்டு வராத. நான் ஒரு வருஷம் முழுக்க அதைத்தான் செஞ்சேன், எந்த மேசையும் நகர்ந்து உட்காரல. உன்கிட்ட எல்லாருக்கும் வேண்டிய ஏதோ ஒண்ணு இருக்கும், அதை எடுத்து நடு மேசையில வை. உனக்கு இரசாயனம் வருமா? குப்பி போடு.

(வெளியாளுங்களுக்கு: குப்பின்னா பட்ச்ல ஒரு பாடம் விளங்கினவங்க விளங்காதவங்கள உட்கார வச்சு, பரீட்சைக்கு முந்தி சொல்லிக் கொடுக்கிறது. சம்பளம் இல்ல, பிளேன்டீ கிடைக்கும்.)

சிங்களத்துல குப்பி நடக்கும். தமிழ்ல உங்க பட்ச்ல நடக்குதா? யாழ்ப்பாணமோ, கல்முனையோ, மன்னாரோ, அந்த ஸ்லைட் மாறுறப்ப உன்னை மாதிரியே முழிக்கிற தமிழ் மொழிமூலப் பிள்ளைங்க நிச்சயம் இருக்கும். நீ ஒருத்திதான் முழிக்கிறேன்னு நினைச்சிட்டு இருக்க.

முதல் லீவுல நான் வீட்டுக்கு வந்தப்ப எங்க தோட்டத்துல ஓ.எல். கணிதம் எடுக்க ஆள் இல்ல. புள்ளக்காம்பராவக் கேட்டு வாங்கினோம். பகல்ல கைக்குழந்தைங்க தூங்குற இடம், கம்பியில சேலைத் தொட்டிலு வரிசையாத் தொங்கும். ஆயா அதையெல்லாம் ஒரு ஓரத்துக்குத் தள்ளிட்டுப் போவாங்க. கரும்பலகை கிடையாது, கதவுல சோக்கட்டியால எழுதினேன். கதவத் திறந்தா பாதிச் சமன்பாடு வெளியில போயிடும். யாராச்சும் உள்ள வர்றதுன்னா வரி முடியிற வரைக்கும் வெளியில நிக்கணும். பிள்ளைங்களுக்கு அது ஒரு விளையாட்டு. லீவு முடிஞ்சு கம்பஸ் போனப்ப கென்டீன் அதே கென்டீன்தான், "ஆ..." அதே "ஆ"தான். ஆனா எனக்கு வேலை இருந்துச்சு. அடுத்த லீவுக்குள்ள திரிகோண கணிதத்துக்குக் குறிப்பு எழுதணும். யாரு என்ன சொன்னாங்கன்னு உட்கார்ந்து எண்ண நேரம் இருக்கல.

மலையகத்துல விஞ்ஞானம், கணிதம் படிப்பிக்க ஆள் கிடைக்காம உயர்தர வகுப்பே நடத்த முடியாத பாடசாலைகள் இன்னும் இருக்கு. துரை ஆகவான்னு கேட்டியே, ஏன் ஆகக்கூடாது? தலவாக்கலையில தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, உன் வீட்டுல இருந்து எவ்வளவு தூரம் இருக்கும்? அங்க வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு மண்ணப் பரிசோதிக்கிற ஆள் ஏன் கொழுந்துக்காரி மகளா இருக்கக்கூடாது? சமூகம் உன்னைப் பார்த்துட்டு இருக்கு.

---

ஊவாக்காரி:

பத்தனை அண்ணன் சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு ஆட்சேபணை. நானும் பதுளைத் தோட்டம்தான், முகாமைத்துவம் படிச்சேன்.

முதல் வருஷப் பிள்ளைக்கிட்ட "சமூகம் உன்னைப் பார்த்துட்டு இருக்கு"ன்னு சொன்னா அது தூங்காது. ஏற்கனவே தூக்கம் வரலன்னுதான் எழுதியிருக்கா. மாத்தறைப் பிள்ளை பாஸ் பண்ணினா அவ பாஸ். நம்ம பிள்ளை பாஸ் பண்ணினா மலையகம் பாஸ், ஃபெயிலானா மலையகமே ஃபெயிலா? இந்தச் சுமைய யாரு கொடுத்தது? வெடி கொளுத்தினவங்க அன்பாலதான் கொளுத்தினாங்க, அதுக்காக ஆயுசு முழுக்க வட்டி கட்டணுமா?

இன்னொண்ணு, சொன்னா அண்ணன்மாருக்குக் கோபம் வரும். நாங்களும் லீவுல தோட்டத்துப் பிள்ளைங்களுக்குச் செமினார் வகுப்பு வச்சோம். மேடையில பேசினது பூரா பெடியன்கள். நாங்க பொம்பளப் பிள்ளைங்க நாலு பேரும் மண்டபம் கூட்டி, வினாத்தாள் ஸ்டேப்ளர் அடிச்சு, டீ ஊத்தினோம். நான் உயர்தரத்துல கணக்கீட்டுக்கு ஏ எடுத்தவ. அடுத்த முறை "கணக்கீடு நான்தான் எடுப்பேன், டீ நீங்க ஊத்துங்க"ன்னேன். ஊத்தினாங்க, சீனி கூடிப்போச்சு.

அதால தங்கச்சி, முதல்ல நல்லா சாப்பிடு, இந்த செமஸ்டர்ல எல்லாப் பாடமும் பாஸ் பண்ணு. குப்பி நல்ல யோசனை, ஏன்னா சொல்லிக் கொடுத்தா உனக்கே மனசுல நிக்கும். செமினார் எல்லாம் ரெண்டாம் வருஷம் பார்த்துக்கலாம். மாத்தறைப் பிள்ளைக்கிட்ட ஒரு ஒப்பந்தம் போடு: அவளுக்கு நீ இரசாயனம், உனக்கு அவ சிங்களம். எனக்குச் சிங்களம் வந்தது என் ரூம்மேட்டோட சண்டை போட்டுத்தான், அந்த வழியும் இருக்கு. தூக்கம் இல்லாதது தொடர்ந்தா மாணவர் ஆலோசகரப் போய்ப் பாரு, தமிழ் தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு கேளு. அதுல ஒரு வெட்கமும் இல்ல.

---

பத்தனைச் சந்தி:

ஊவாக்காரி, டீ விஷயம் முழுக்க உண்மை, நானே கண்டது. சுமை பத்தி மட்டும் என் கருத்து வேற. சுமையா நினைச்சா சுமைதான். எனக்கு அது பிடிமானமா இருந்துச்சு. ஆனா முதல் வருஷம் பாஸ் பண்ணணும்ங்கறதுல உங்க பக்கம்தான்.

---

கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் நன்றி. பதில் போட இவ்வளவு நாள் எடுத்ததுக்குக் காரணம், குப்பி போட்டுட்டேன்!

மண் விஞ்ஞானம், மண்ணோட அமிலத்தன்மைதான் தலைப்பு. யாழ்ப்பாண ரூம்மேட்டுக்கிட்டத்தான் முதல்ல சொன்னேன், அவ உடனே "நான் வாறன்" என்டா. கல்முனைப் பிள்ளைங்க ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தா. ஸ்லைட்ல இருந்ததை அப்படியே சொல்லப் பார்த்தேன், எனக்கே விளங்கல. பிறகு அப்பாவோட வேலையில இருந்து ஆரம்பிச்சேன். தேயிலைக்கு பிஹெச் 4.5ல இருந்து 5.5 வரைக்கும் இருந்தாத்தான் நல்லா வரும், புளிப்பு மண் பிடிச்ச செடி. ஆனா அமோனியம் சல்பேட் மாதிரி உரம் போடப் போட அந்த மண் இன்னும் புளிச்சுப் போகும். அதைச் சரிக்கட்டத்தான் கவ்வாத்து நேரத்துல டொலமைட் போடுறாங்க. அது கல்சியம் மக்னீசியம் காபனேற்று. சின்ன வயசுல அப்பா வெள்ளையா மாப் பூசின மாதிரி வீட்டுக்கு வருவார், அதான் டொலமைட்னு இப்பத்தான் எனக்கே உறைச்சுது.

"கவ்வாத்து எண்டா என்ன?" பின்னால இருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தா என்னைப் போல கதைச்சுக் காட்டினாரே, அவர். பட்ச்மேட்தான், சீனியர் இல்ல. செடிய வெட்டிக் கட்டையாக்குறதுன்னு கையால காட்டினேன். "எங்கட பக்கம் நேர் எதிர், சுண்ணாம்புக் கல்லு மண்"னார். அங்க மண் காரமா இருக்கறதால இரும்புச் சத்து மண்ணுல இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது, இளம் இலை மஞ்சளிக்கும். அவங்க வீட்டுத் தோட்டத்துல அப்படி ஆனதைச் சொன்னார். அதை வச்சே மிச்சப் பாடம் ஓடிச்சு. கடைசியில என் குறிப்ப ஃபோன்ல போட்டோ எடுத்துட்டுப் போயிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கல. நானும் கேட்பார்னு நிக்கல. அடுத்த குப்பி எப்பன்னு குரூப்ல கேட்டிருக்கார், தமிழ்ல, எல்லாரும் பார்க்கிற மாதிரி.

மாத்தறைப் பிள்ளையோட ஒப்பந்தம் போட்டாச்சு. அவ சிங்களம் சொல்லித் தர்ற வேகத்துக்கு நான் ஈடு கொடுக்க முடியல, நான் இரசாயனம் சொல்ற வேகத்துக்கு அவளால முடியல, சரிசமம்.

ட்ரிப் இன்னும் முடிவாகல. அம்மாக்கிட்ட ஃபோன்ல பயந்து பயந்து சொன்னேன். "வரட்டும்டி, பிள்ளைங்கதானே. பத்துப் பேருக்கு மேல டம்ளர் இல்ல, அதை மட்டும் சொல்லிரு"ன்னாங்க. இத்தனை நாள் நான் கக்கூஸ நினைச்சுத்தான் பயந்தேன், அவங்களுக்கு டம்ளர்தான் பிரச்சினை. பஸ் இறங்குறது வேணாம்னு சொல்லிட்டேன். ரூம் பிள்ளைங்க மட்டும் பிறகு ஒரு லீவுல வரட்டும்.

படிப்ப விடப்போறதில்ல. இங்க எதுக்கு இருக்கேன்ங்கறதுக்கு முழுப் பதில் இன்னும் கிடைக்கல அண்ணா, செமினார் பத்தி ரெண்டாம் வருஷம் யோசிக்கிறேன். யோசிச்சா டீ ஊத்த மாட்டேன் அக்கா.

---

கிளிநொச்சிப் பெடியன்:

நல்லது தங்கச்சி. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் இல்லை. பர்சரிப் படிவம்?

---

கொழுந்துக்கூடை:

எழுதி வச்சிருக்கேன் அண்ணா. அம்மாவோட சம்பளத் துண்டும் கிராம உத்தியோகத்தர் கையெழுத்தும்தான் பாக்கி. நிரந்தர முகவரிக்குத் தோட்டத்துப் பேரும் டிவிஷனும்தான் எழுத முடியுது, வீட்டுக்கு இலக்கம் இல்லையேன்னு இங்க கிளார்க் கேட்டாங்க. கடிதம் எல்லாம் தோட்ட ஒபீசுக்குத்தான் வரும்னு ஒரு தாள்ல எழுதி இணைச்சிருக்கேன். போதுமா, இல்ல ஒபீஸ்ல இருந்தும் கடிதம் வாங்கணுமா?

---

ஊவாக்காரி:

வாங்கிரு. சீல் இருந்தா திருப்பி அனுப்ப மாட்டாங்க. எனக்கு ஒரு தடவை சீல் இல்லாம திரும்பி வந்துச்சு. ரெண்டு பிரதி எடுத்து ஒண்ண நீயே வச்சுக்கோ.